கறுப்பு வண்டியின் பெயிண்ட்: வாசகர் கேள்வி பதில்

கறுப்பு நிறக் கார்களின் பெயிண்டைப் பற்றி கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது. மற்றவற்றுக்கு அதுவே அடிப்படை என்பதால் அதை முதலில் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வடசேரி வாசகர்: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நிறம் கறுப்பு. நிழலில் பார்த்தால் புதிதுபோல இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஹார்டுவேர் கடையில் ரப்பிங் காம்பவுண்ட் வாங்கித் தேய்த்தால் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். இதற்கு முன் நான் பாலிஷ் போட்டதே இல்லை. நானே செய்யலாமா, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்களே செய்யலாம். ஆனால் ரப்பிங் காம்பவுண்டை இப்போது வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் டிங்கரிங் பட்டறைகளில் மறுபடி பெயிண்ட் அடித்து, வாட்டர் பேப்பர் என்னும் தேய்ப்புத் தாள் போட்டுத் தேய்த்த பிறகு அந்தக் கோடுகளை எடுப்பதற்காகப் பயன்படுவது. அதில் உள்ள துகள்கள் கரடுமுரடானவை. பழகாத கையால் பழந்துணியில் தொட்டுத் தேய்த்தால், இருக்கும் கீறல்கள் போய் அவற்றைவிட மோசமான மங்கல் ஒன்று கறுப்பின் மேல் வந்து உட்காரும்.

நீங்கள் பார்க்கும் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. அவை எல்லாத் திசைகளிலும் போகின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளி வரும் திசைக்குக் குறுக்காக இருக்கும் கீறல்கள் மட்டும் மின்னி நம் கண்ணுக்குத் தெரிவதால் சிலந்தி வலை பின்னியதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. இவை பெரும்பாலும் கல்லோ முள்ளோ உரசி வந்தவை அல்ல; முன்பு வைத்திருந்தவர் தூசியோடு துணி போட்டுத் துடைத்ததாலும், பலருடைய வண்டிகளைத் துடைத்த அதே துணியால் வாட்டர் சர்வீஸில் கழுவியதாலும் வந்தவை. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும். கீறலின் விளிம்பில் சிதறும் ஒளி வெளிறித் தெரிவதால், வெள்ளையில் அது மறைந்துபோகிறது, கறுப்பில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது.

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருவைத் தடுக்கும் பிரைமர், அதன்மேல் இன்னொரு பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் என்று அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிட அது குறைவு. பாலிஷ் போடுவது என்றால் இந்தப் படலத்தைக் கீறலின் அடிமட்டம் வரை மிக நுட்பமாகத் தேய்த்து எடுப்பதுதான். மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரான் அளவில் எடுக்கும். கரடான துகள்கள் உள்ள கட்டிங் காம்பவுண்ட் சில மைக்ரான்களை எடுத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இந்தப் படலமே என்பதால், தேய்ந்து மெலிந்துபோனால் சில ஆண்டுகளில் அது வெளிறி, செதில்செதிலாக உரியத் தொடங்கும். அதன்பின் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வண்டியின் ஆயுளில் பாலிஷ் போடும் வாய்ப்புகள் சிலவே என்று வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை இப்போது செலவழிக்கப்போகிறீர்கள் என்ற நினைப்போடு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய வண்டி என்பதால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எங்கெங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்பது. பெயிண்ட் கனத்தை அளக்கும் சிறிய கருவி, கார்களை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் டீட்டெய்லிங் கடைகளிலும் பழைய கார் விற்பவர்களிடமும் இருக்கும். அதைக் கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அந்தப் பாகம் மறுபடி அடிக்கப்பட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 80க்குக் கீழே காட்டினால் அங்கே ஏற்கெனவே நிறையத் தேய்த்துவிட்டார்கள் என்று பொருள். அந்த இடத்தில் பாலிஷ் மெஷின் வைக்காதீர்கள்.

பிறகு வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு கீறலையும் விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அந்தக் கீறல் கிளியர் கோட்டைத் தாண்டிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது பாலிஷில் போகாது, போக்கவும் முயலக் கூடாது. நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் குறையும்.

அடுத்து, ஒரு பாலித்தீன் பையைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். கழுவியும் போகாமல் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துகள், தார்ப் புள்ளி, மரப்பிசின் ஆகியவை அவை. இவற்றை எடுக்காமல் பாலிஷ் போட்டால், பாலிஷைத் தேய்க்கும் மெத்தை போன்ற பேடில் சிக்கிக்கொண்டு புதிய கீறலைப் போடும். இதற்கென்றே கிளே பார் என்னும் பிசைந்த மாவு போன்ற கட்டி கிடைக்கிறது. ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், முன்னும் பின்னுமாக அதை நகர்த்துங்கள். அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அதில் ஒட்டிய மணலைப் பிரித்தெடுக்கவே முடியாது. கிளே போட்ட பிறகு கறுப்பில் மெல்லிய மங்கல் விழுவது இயல்பு. பாலிஷில் அது போய்விடும்.

முழு வண்டியையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையைத் தள்ளி வையுங்கள். பானெட்டிலோ டிக்கியிலோ அரை மீட்டர் சதுரத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு, மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும் கொண்டு அந்தச் சதுரத்தில் மட்டும் முயன்று பாருங்கள். துடைத்துவிட்டு வெயிலிலோ, ஒற்றை எல்.இ.டி. டார்ச் வெளிச்சத்திலோ பாருங்கள். பாதிக்குமேல் கீறல் குறைந்திருந்தால் வண்டி முழுவதற்கும் அதுவே போதும். குறையவில்லை என்றால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் ஒரு படி கடினமானதாக மாற்றுங்கள்; அதிலும் போகவில்லை என்றால்தான் சற்றுக் கூடுதலாக வெட்டும் பாலிஷுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் எடுத்தே தீருவேன் என்று இறங்குவது தொடக்கக்காரர்களுக்கு ஏற்றதல்ல. எண்பது சதவீதம் போனாலே, பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி கண்ணாடிபோலத்தான் தெரியும்.

மார்த்தாண்டம் வாசகர்: பாலிஷ் போட எந்த மெஷின் வாங்கலாம்? வீட்டில் டிரில் மெஷினும் சிறிய கிரைண்டரும் இருக்கின்றன. அவற்றில் பேட் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: கிரைண்டரை எக்காரணம் கொண்டும் பெயிண்டின் பக்கம் கொண்டுவராதீர்கள். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடக்கூடியது. சில நொடிகளில் பெயிண்டைச் சுட்டு அடிப் பிரைமரைக் காட்டிவிடும். டிரில்லில் வேகம் குறைவு என்றாலும் அது ஒரே அச்சில் சுற்றுவதால் கை சற்றுச் சாய்ந்தால் பேடின் ஒரு விளிம்பு மட்டும் அழுந்தும். கறுப்பில் அதன் தடம் வளைவு வளைவாக, பூசி மெழுகியதுபோலத் தெரியும். பெயிண்டர்கள் வைத்திருக்கும் ரோட்டரி பாலிஷரிலும் இதே அபாயம் உண்டு; அது தேர்ந்த கைகளுக்கானது.

உங்களுக்கு ஏற்றது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். இதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒரு சிறு வட்டத்திலும் ஆடுகிறது. ஒரே இடத்தில் வெப்பம் சேர்வது குறைவு. அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் சுற்றாமல் நின்று வெறுமனே ஆடும், ஆகவே பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும். பேட் சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் பின்தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

புதுப் பேடில் நான்கைந்து பட்டாணி அளவு பாலிஷை வைத்து, மெஷினை ஓட்டாமலேயே அந்த அரை மீட்டர் சதுரம் முழுவதும் தொட்டுத் தொட்டு ஒற்றுங்கள். பிறகு குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, ஆறு வேகமுள்ள மெஷின் என்றால் நான்கில் வையுங்கள். மெஷினின் எடையோடு சிறிதளவு கையெடை போதும். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெதுவாக, முந்தைய வரிசையில் பாதியை மேவிக்கொண்டு, முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் செல்லுங்கள். நான்கு முதல் ஆறு சுற்றுக்குள் பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலம்போலத் தெளிந்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேடைத் தூக்கியபின் மெஷினை அணைக்காதீர்கள், அணைத்தபின் தூக்குங்கள். ஓடும் மெஷினைத் தூக்கினால் பாலிஷ் சுவர் வரை தெறிக்கும்.

பானெட்டின் மடிப்புக் கோடுகள், கதவின் விளிம்புகள், பம்பரின் முனைகள் ஆகிய இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் ஆகியவற்றையும் மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் காய்ந்து வெள்ளைத் திட்டுகளாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பேடை மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் சேர்ந்த பேடோடு கதவுக்குப் போனால், பானெட்டில் கிடைத்த மினுமினுப்பு அங்கே கிடைக்காது. வெள்ளைப் பேடில் கறுப்பு நிறமே ஏறுகிறது என்றால் அந்தப் பாகத்தில் கிளியர் கோட் இல்லை என்று பொருள். பழைய முறையில் ஒரே பூச்சாக அடித்திருக்கலாம், அல்லது கிளியர் கோட் தேய்ந்து முடிந்திருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு நல்ல பெயிண்டர் ஒருவரிடம் காட்டுங்கள்.

முடித்தபின் பார்க்கும் பளபளப்பை உடனே நம்பிவிடக் கூடாது. பல பாலிஷ்களில் எண்ணெய் இருக்கிறது. அது கீறலுக்குள் நிரம்பி இரண்டு மழைவரை மறைத்து வைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் பெயிண்டின் உண்மை நிலை.

நேரத்தையும் இடத்தையும் பற்றி ஒரு வார்த்தை. நிழல் வேண்டும், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காலையில்தான் காற்று அடங்கியிருக்கும்; மதியத்துக்குமேல் கடற்காற்று எழுந்துவிட்டால் திறந்த முற்றத்தில் பாலிஷ் போடுவது மண்ணைத் தூவித் தேய்ப்பதற்குச் சமம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மண்டைக்காடு வாசகர்: வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. இரவு வெளியே நிற்கும் வண்டியின் மேல் காலையில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் துவர்த்தை (துண்டை) நனைத்துப் பிழிந்து ஒரு துடை துடைத்துவிட்டுப் போகிறேன். வாங்கி ஓராண்டிலேயே பெயிண்ட் மங்கிவிட்டது. உப்புக்காற்று பெயிண்டைத் தின்றுவிட்டதா?

பதில்: உப்பைவிடத் துவர்த்துதான் அதிகக் கெடுதல் செய்திருக்கிறது. உங்கள் ஊரை ஒட்டிய கடற்கரை மணல் சாதாரண மணல் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் பிரித்தெடுக்கப்படும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாம் இந்தக் கரை மணலில் உள்ளவையே. இவற்றில் கார்னெட் என்பது தேய்ப்புத் தாள் செய்வதற்கும், தண்ணீரோடு பீய்ச்சி இரும்பை அறுப்பதற்கும் உலகெங்கும் பயன்படும் பொருள். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அது ஏறத்தாழ 7 என்றால் சாதாரண இரும்புக் கத்தி ஐந்தரை அளவில் நிற்கிறது. காற்றில் வந்து ஈரத்தோடு ஒட்டிய அந்தத் துகள்களும் காய்ந்த உப்பும் வண்டியின் மேல் இருக்கும்போது, பிழிந்த துணியால் துடைப்பது வண்டியை மெல்லிய தேய்ப்புத் தாளால் துடைப்பதேயாகும்.

காலையில் நேரமில்லை என்றால் துடைக்காமலேயே போய்விடுங்கள். கண்ணாடிகளை மட்டும் சுத்தம் செய்தால் போதும். பத்து நிமிடம் கிடைத்தால் ஹோஸ் தண்ணீரை மேலிருந்து கீழாக, டாப்பில் தொடங்கி, கையோ துணியோ படாமல் ஓடவிடுங்கள். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், மணலில் பெரும்பகுதி வழிந்துவிடும். அந்த ஈரத்தை ஒரு புளோயரால் ஊதிவிட்டால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவுவதோடு வண்டியின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளுக்குள்ளும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நல்ல நிலையில் உள்ள கிளியர் கோட்டை உப்பு அவ்வளவு எளிதில் தொடாது. கல் தெறித்துப் பெயிண்ட் போன புள்ளிகளிலும், அடிப்பாக இணைப்புகளிலும்தான் அது புகுந்து துருவை உண்டாக்கும். புத்தளம் உப்பளங்களின் பக்கம் அடிக்கடி போய்வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

கார் கவர் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில், அந்தக் காற்றில், வேண்டாம். கவருக்கும் பெயிண்டுக்கும் நடுவே மணல் புகுந்து, இரவு முழுவதும் கவர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அது துவர்த்தைவிட மோசம். கீற்றுக் கொட்டகை ஒன்று, காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்துப் போட முடிந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு.

தக்கலை வாசகி: வாரந்தோறும் வீட்டில் நானே கழுவுகிறேன். போர் தண்ணீர்தான். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. சோப்புத்தூள் கூடுதலாகப் போட்டும் போகவில்லை. சரியாகக் கழுவுவது எப்படி?

பதில்: துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மை உடையது. அது அழுக்கோடு பெயிண்டின் மேல் இருக்கும் மெழுகையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கார் ஷாம்பு விலை சற்றுக் கூடுதல் என்றாலும் ஒரு வாளிக்கு ஒன்றிரண்டு மூடியளவே தேவைப்படுவதால் ஒரு பாட்டில் பல மாதங்கள் வரும்.

இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் வண்டியை வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்து மண்ணை ஓடவிட்டபின், மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து மேலிருந்து கீழாக, நேர்கோட்டில், அழுத்தாமல் இழுங்கள். ஒரு பாகம் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கையுறையில் ஏறிய மண் அந்த வாளியின் அடியில் தங்கிவிடும். வேலை முடிந்தபின் அதன் அடியில் கிடக்கும் மண்ணைப் பார்த்தால் இத்தனை நாளும் அது எங்கே போனது என்று உங்களுக்கே புரிந்துவிடும். கதவுகளின் கீழ்ப்பாதியையும் சக்கரங்களையும் கடைசியில், வேறு துணியால் கழுவுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள், போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் ஆவியானபின் தங்குவதால் வருபவை. வெயில் ஏறுவதற்கு முன் கழுவி, காயும் முன்பே துடைத்துவிட்டால் பெரும்பாலும் வராது. துடைப்பதற்கு அடர்த்தியான, பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்றை விரித்துப் போட்டு, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது, ஒரு டிரம் பிடித்துவைப்பது கடினமல்ல. ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, குளிர்ந்த பெயிண்டின் மேல் துணியை நனைத்து ஓரிரு நிமிடம் போட்டுவைத்துப் பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். அதிலும் போகாதவை பெயிண்டில் அரித்து இறங்கிவிட்டவை. அவை பாலிஷில்தான் போகும்.

மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. துணிக்கு மென்மையும் வாசனையும் தரும் திரவங்களையும் அவற்றில் விட வேண்டாம். இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். தரையில் விழுந்த துணியை அன்றைக்குப் பெயிண்டில் பயன்படுத்தாதீர்கள்.

குலசேகரம் வாசகர்: வண்டி மாமரத்தடியில் நிற்கிறது. பறவை எச்சமும் வௌவால் எச்சமும் விழுந்து, துடைத்த பிறகும் தடம் தெரிகிறது.

பதில்: எச்சத்தின் அமிலத்தன்மையோடு வெயிலில் கறுப்பு பெயிண்ட் ஏறும் சூடும் சேர்வதால்தான் தடம் ஆழமாகிறது. கறுப்பு மற்ற நிறங்களைவிட மிக அதிகமாகச் சூடேறும். படலம் சூட்டில் இளகி, ஆறும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. காலையில் பார்த்தால் மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எச்சத்தில் விதைகளும் மண்ணும் இருப்பதால் தேய்க்கக் கூடாது. டிஷ்யூவைத் தண்ணீரில் தோய்த்து அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியபின் அள்ளி எடுத்துவிடுங்கள். வண்டிக்குள் ஒரு சிறிய தண்ணீர் ஸ்பிரேயும் இரண்டு சுத்தமான துணியும் எப்போதும் இருக்கட்டும். மரத்தடியை மாற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

சுசீந்திரம் வாசகர்: புது வண்டிக்குப் பூஜை போட்டபோது பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்தோம். ஒரு வாரம் கழித்துத் துடைத்தபோது வட்டமாக மங்கிவிட்டது. மகளின் திருமணத்துக்கும் இதே வண்டியை அலங்கரிக்க வேண்டும்.

பதில்: காய்ந்த சந்தனம் நுண்ணிய பொடி. உலர்ந்த துணியால் துடைத்ததில்தான் மங்கல் வந்திருக்கும்; ஒரு சிறு பகுதி என்பதால் ஃபினிஷிங் பாலிஷைக் கையாலேயே மென்மையான ஃபோமில் எடுத்துத் தேய்த்தால் குறையும். இனி பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். பெயிண்டில்தான் வைக்க வேண்டும் என்றால் அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். திருமண அலங்காரத்தில் செலோ டேப்பையும் கம்பியையும் பெயிண்டில் படவிடாதீர்கள். தோவாளையிலிருந்து வரும் பூச்சரங்களை ரிப்பனில் கோத்து, கதவு இடுக்கிலும் பானெட்டுக்கு அடியிலும் கட்டச் சொல்லுங்கள். நசுங்கிய ஈரப் பூக்கள் வெயிலில் காய்ந்தால் கறை பிடிக்கும் என்பதால் மண்டபத்திலிருந்து வீடு வந்ததும் அலங்காரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

கருங்கல் வாசகி: கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். கறுப்புக் கார் பெரும்பாலும் ஷெட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அவசரத்துக்கும் மட்டும் எடுக்கிறோம். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, கழுவவே வேண்டாம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். பெரிய தொகை கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: கீறலே விழாது என்பது உண்மையல்ல. அந்தக் கோட்டிங்குகளின் விளம்பரத்தில் வரும் 9எச் என்ற அளவு, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு. மணலுக்கும் சாவிக்கும் அது பதில் சொல்லாது. செராமிக் என்பது பெரும்பாலும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட, மிக மெல்லிய கடினப் படலம். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், எச்சத்தின் அரிப்பு சற்றுத் தாமதமாகும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் கழுவியே ஆக வேண்டும், அதுவும் முறையாக. இன்னொன்று, கோட்டிங்கின் அடியில் கீறல் இருந்தால் அதுவும் சேர்ந்தே மூடப்பட்டுவிடும். ஆகவே முதலில் பாலிஷ் போட வேண்டும், கேட்கும் தொகையில் கணிசமான பகுதி அந்த வேலைக்கானது. அதை எப்படிச் செய்வார்கள், எந்த மெஷினில், யார் செய்வார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் பயன்பாட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. பெயிண்டின் மேல் பாதுகாப்பாகப் பூசும் செயற்கைச் சீலன்ட் ஒன்றை வாங்கி, கழுவிக் காயவைத்த வண்டியில் மெல்லியதாகப் பூசித் துடைத்துவிட்டால் நான்கைந்து மாதங்கள் தாங்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் விடுமுறைக்கு வரும்போது வண்டி இன்னும் மின்ன வேண்டும் என்றால் அதன்மேல் கார்னாபா மெழுகைப் பூசலாம். பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. கறுப்புக்கு அது கொடுக்கும் ஆழம் தனி, ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே நிற்கும். எதைப் பூசினாலும் கனமாகப் பூசுவதில் பயனில்லை, துடைத்தெடுப்பதுதான் கடினமாகும்.

ஷெட்டில் நிற்கும் வண்டியில் தூசி படிந்தால் இறகுத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். காற்றில்லாத மூடிய ஷெட் என்பதால் உங்களுக்குக் கவர் பொருந்தும்: மென்மையான பருத்தி உட்புறம் உள்ளதை, கழுவி முழுவதும் உலர்ந்த வண்டியின் மேல் மட்டும் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் அடியில் புழுங்கிப் பெயிண்டில் திட்டு விழும்.

களியக்காவிளை வாசகர்: எம்-சாண்ட் லாரிகளின் பின்னால் தினமும் ஓட்டுகிறேன். பானெட்டின் முன்முனை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். பாலிஷ் போட்டும் போகவில்லை.

பதில்: கல் தெறித்துப் பெயிண்டே பெயர்ந்த இடங்கள் அவை; பாலிஷ் போடப்போட ஓரங்கள்தான் மெலியும். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் வில்லையில் உங்கள் வண்டியின் நிற எண் இருக்கும். கறுப்பிலேயே பல வகை உண்டு என்பதால் அந்த எண்ணைச் சொல்லியே டச்சப் பெயிண்ட் வாங்குங்கள். புள்ளியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, மறுபடி வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, துருவும் பிடிக்காது. புதிதாக வாங்குபவர்களாக இருந்தால், பானெட், முன் பம்பர் ஆகியவற்றுக்கு மட்டும் பி.பி.எஃப். என்னும் பாலியுரித்தேன் படலம் ஒட்டிக்கொள்ளலாம். ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள அதுதான் கல்லை உண்மையாகவே தாங்கும். லாரியோடு இடைவெளி விட்டு ஓட்டுவதும் அதில் சேர்த்தி.

குளச்சல் வாசகர்: என் வண்டி மேட் கறுப்பு, அதாவது பளபளப்பில்லாத கறுப்பு. இதற்கும் இதே பாலிஷ்தானா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேட் பெயிண்டின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடிக்கும்படி நுண்ணிய மேடுபள்ளங்களோடு அமைக்கப்பட்டது. பாலிஷோ, கிளே பாரோ, மெழுகோ பட்டால் அந்த இடம் மட்டும் திட்டாக மினுங்கும், அதைத் திரும்பப் பளபளப்பில்லாததாக ஆக்க முடியாது. மேட் பெயிண்டுக்கென்று விற்கும் ஷாம்பு, மேட் பெயிண்டுக்கென்று விற்கும் சீலன்ட் இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். எச்சம் விழுந்தால் மற்றவர்களைவிட வேகமாக எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யும் வாய்ப்பு உங்கள் வண்டிக்கு இல்லை.